மண்ணில் ஒரு கண்ணாடிக் கூடு

1832-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் நடுவில், 'பீகிள்' என்னும் ஆங்கிலக் கப்பல், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள கேப் வெர்டித் தீவுகளை அணுகிக்கொண்டிருந்தது. அக்கப்பலில் இயற்கை நூல் ஆராய்ச்சியாளராகச் சென்ற சார்லஸ் டார்வின் அப்போது இருபத்திரண்டு வயதே நிரம்பிய இளைஞர். கப்பல் போர்ட்டோ பிரயாத் துறையில் நங்கூரம் இடுவதற்கு முந்திய நாட்காலையில், பாய்மர உச்சியிலே காற்றின் போக்கை அறியக் கட்டியிருந்த மெல்லிய துணியில் பழுப்பு நிறமான நுண்புழுதி படிந்திருப்பதை அவர் கண்டார். நாற்புறமும் நீரே சூழ்ந்த நடுக்கடலில் புழுதி ஏது? காற்றன்றோ அதனைக் கொணர்ந்திருத்தல் வேண்டும்? டார்வின் அப்புழுதியைச் சேர்த்து ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி வைத்துக்கொண்டார்.

பின்னர் அப்பொட்டலமும், வேறொரு கப்பலில் விழுந்த புழுதிப் பொட்டலங்கள் நான்கும் பெர்லின் நகரத்துப் பேராசிரியர் எரன்பர்க்கிடம் சேர்ந்தன. கண்ணுக்குப் புலனாகாத உயிர்களை உருப்பெருக்கியின் வாயிலாக ஆராய்வதில் அக்காலத்தில் அவருக்கு நிகரானவர் அரியர். அவர் அந்த ஐந்து பொட்டலங்களிலும் உயிர்ப்பொருள்களின் வடிவங்கள் அறுபத்தேழினைக் கண்டறிந்தார். அவற்றுட் பல, சிலிக்கா என்னும் மணற்சத்தாலாகிய ஓடுகளை உடைய நுண்ணுயிர்கள். அவ்வுயிர்களுள் இரண்டு மட்டுமே கடலுக்கு உரியவை. ஏனைய யாவும் நன்னீர் வாழ்வன என்று எரன்பர்க் கூறினார். இதனினும் வியப்பு மற்றொன்று உண்டு. புழுதி ஆப்பிரிக்கக் கரையினின்று வருவது என்பதில் டார்வினுக்கு ஐயம் இல்லை. ஆயினும், ஆப்பிரிக்காவுக்கே உரியன என எரன்பர்க் அறிந்திருந்த வடிவங்களுள் ஒன்றேனும் அப்புழுதியில் இல்லை. மாறாகத் தென் அமெரிக்காவில் மட்டுமே வாழ்வன என்று அவர் எண்ணியிருந்த இரண்டு இருந்தன. இம்முடிச்சு அவிழ நெடுங்காலம் ஆயிற்று.

அவ்வோடுகளை உடைய உயிர்களை இன்று டயாட்டங்கள் என்கிறோம். இவை பாசி இனத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் ஒரே உயிரணுவால் ஆனது. பச்சையம் இவற்றில் உண்டு. எனினும் அதனோடு கலந்துள்ள மஞ்சட் பழுப்பு நிறப்பொருள் பச்சை நிறத்தை மறைத்துவிடுதலால் இவை பொன்னிறமாகத் தோன்றும். கதிரவன் ஒளியைக் கொண்டு கரியமிலவாயுவையும் நீரையும் உணவாக மாற்றுதலும், பிராணவாயுவை வெளிவிடுதலும் பயிர்களைப் போன்றே இவற்றுக்கும் தொழில். உலகில் பசுமை உயிர்கள் அனைத்தும் ஆக்கும் உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்கள் ஆக்குவது என்று கணக்கிடுவர். இவற்றின் தனிச்சிறப்பு ஓட்டிலேதான் உள்ளது. நீரிற் கரைந்துள்ள சிலிக்காவை உறிஞ்சி, கண்ணாடி போன்ற கூடு ஒன்றனை ஒவ்வோர் உயிரணுவும் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறது. அக்கூடு ஒரு பெட்டியும் அதன்மேற் பொருந்தும் மூடியும் போல இரு பகுதிகளால் ஆனது.

டயாட்டம் என்றால் கடலும் குளமும் ஆறுமே பலர்க்கும் நினைவுக்கு வரும். ஆனால் நீர்நிலையை விட்டு மண்ணிலேயே குடியிருக்கும் டயாட்டங்களும் உள. அவற்றுள் மிகப் பரவலாக அறியப்பட்டது 'ஹான்ட்சியா ஆம்பியாக்சிஸ்' என்னும் இனம்.

இப்பெயர் சற்றுக் கரடுமுரடானதே. பெயர் வந்த வரலாற்றை அறிந்தால் நினைவில் வைத்தல் எளிது. முதன்முதல் இவ்வினத்தை விவரித்தவர் மேற்கூறிய எரன்பர்க்கே. அமெரிக்கக் கண்டங்களின் நுண்ணுயிர்களைப் பற்றி 1843-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில் இது 'யூனோஷியா ஆம்பியாக்சிஸ்' என்ற பெயருடன் தோன்றியது. 'ஆம்பி' என்றால் கிரேக்க மொழியில் இருபுறமும். 'ஆக்சிஸ்' என்றால் கூர்மை. இரு முனையும் கூர்த்தது என்பது பொருள். பின்னர் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் குருனோவ், இதன் அமைப்பு யூனோஷியாக்களின் அமைப்பினின்று வேறுபட்டது எனக் கண்டு, டிரெஸ்டன் நகரத்துப் பாசியியல் அறிஞர் ஹான்ட்ஷ் என்பவரின் பெயரால் புதிய பேரினம் ஒன்றை 1877-இல் வகுத்தார். 1880-இல் இவ்வினத்தை அதனுட் சேர்த்தார்.

இவ்வுயிரின் அளவு மிகச் சிறிது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோமீட்டர் எனப்படும். ஹான்ட்சியாவின் நீளம் பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரோமீட்டர்; அதனிற் சிறியனவும் பெரியனவும் உண்டு. அகலம் பத்து மைக்ரோமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைந்தோ இருக்கும். மனிதர் தலைமயிர் ஒன்றின் பருமனே ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்றால், இதன் சிறுமையை உணரலாம். 50 மைக்ரோமீட்டர் நீளமுள்ள உயிர்கள் இருபது வரிசையாகக் கிடந்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும்.

மேலிருந்து நோக்கினால் ஓட்டின் உருவம் சமமான படகு போன்றதன்று. ஒரு விளிம்பு புறமாக வளைந்திருக்கும். அதனை முதுகு எனலாம். எதிர் விளிம்பு நேராகவோ நடுவிற் சற்றே உட்குழிந்தோ இருக்கும். அதனை வயிறு எனலாம். இரு முனைகளும் திடீரெனக் குறுகி, சிறிய மூக்குப் போல நீண்டிருக்கும். ஓட்டின் மேல் மெல்லிய குறுக்குக் கோடுகள் நெருங்கி ஓடும். பத்து மைக்ரோமீட்டர் இடைவெளிக்குள் அவை ஏறத்தாழ இருபதும் அதற்கு மேலும் இருக்கும். அவை வெறும் கோடுகள் அல்ல. நிரல்பட அமைந்த நுண்துளைகளின் வரிசைகளே. ஓட்டுக்குள் இருக்கும் உயிருக்கும் வெளியிலுள்ள நீருக்கும் அத்துளைகளே வாயில்கள். உள்ளே நடுவில் உட்கருவும், அதற்கு இருபாலும் முனைக்கு ஒன்றாக இரண்டு பொன்னிறப் பசுங்கணிகங்களும் அமைந்திருக்கும்.

வயிற்று விளிம்பை ஒட்டி ஓட்டில் நீண்ட கீறல் ஒன்று உண்டு. இஃது உடைப்பன்று, பிறவியிலேயே அமைந்த வாய். கீறல் பிளந்து விரியாதபடி, அதன் அடியில் சிலிக்காவாலான சிறு சிறு பாலங்கள் குறுக்கே தாங்கி நிற்கின்றன. பத்து மைக்ரோமீட்டருக்கு ஐந்து முதல் பத்துப் பாலங்கள் வரை காணலாம். நடுவில் உள்ள இரு பாலங்களுக்கு இடையே மட்டும் இடைவெளி சற்று மிகுந்திருக்கும். ஓட்டை நேரே நோக்கும் மாணவர்க்கு இப்பாலங்கள் விளிம்பை ஒட்டிய புள்ளி வரிசையாகத் தோன்றும். ஹான்ட்சியாவை அடையாளம் காண இவ்வரிசையே முதற்குறி.

பெட்டிக்கு ஒரு கீறலும் மூடிக்கு ஒரு கீறலும் ஆக ஒவ்வோர் உயிருக்கும் கீறல்கள் இரண்டு. நிட்சியா என்னும் நெருங்கிய உறவினத்தில் இவ்விரண்டும் மூலைக்கு மூலையாக, எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பது வழக்கம். ஹான்ட்சியாவிலோ இரண்டும் ஒரே பக்கத்தில், வயிற்றுப் புறத்திலேயே உள்ளன. ஆகவே அவ்வயிற்றுப் பக்கம் மண்துகளின் மேற் படியும்போது இரு கீறல்களும் ஒருங்கே தரையைத் தொட முடியும். கீறல் வழியே கசியும் பசைப்பொருள் தரையைப் பற்றிக்கொள்ள, உயிரணு அதன்மேல் வழுக்கி நகர்கிறது. காலும் இல்லை, துடுப்பும் இல்லை, வாலும் இல்லை. டயாட்டங்கள் நகரும் வேகம் இனத்துக்கு இனம் வேறுபடும். நொடிக்குச் சில மைக்ரோமீட்டர் முதல் இருபது மைக்ரோமீட்டர் வரை என்று பொதுவாகச் சொல்லலாம். நொடிக்குப் பத்து எனக் கொண்டால் ஒரு மில்லிமீட்டரைக் கடக்க நூறு நொடி ஆகும். நமக்கு இது நத்தையினும் தாழ்ந்த நடை. ஆனால் மண்ணில் வாழும் உயிருக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது இருளுக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட தூரம். உழவாலோ மழையாலோ மண் புரண்டு மேலே மூடிவிட்டால், நகரத் தெரியாத பாசி அங்கேயே ஒளியின்றித் தவிக்கும். ஹான்ட்சியா மேலேறி வரும்.

இவ்வுயிர் பெருகும் முறையும் ஓட்டினால் ஒரு சிக்கலுக்கு உள்ளாகிறது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது மூடி ஒன்றுக்கும் பெட்டி ஒன்றுக்குமாகப் பங்காகும். கிடைத்த பாகம் எதுவாயினும் சேய் அதனையே மூடியாகக் கொண்டு, உள்ளே புதிய பெட்டி ஒன்றைக் கட்டிக்கொள்ளும். எனவே மூடியைப் பெற்ற சேய் தாயின் அளவே இருக்கும்; பெட்டியைப் பெற்ற சேயோ சற்றே சிறுத்துவிடும். தலைமுறை தோறும் இவ்வாறு நடந்தால் குடும்பத்தின் சராசரி அளவு குறைந்துகொண்டே போகும் அன்றோ? ஓர் எல்லைக்குக் கீழே சிறுத்த டயாட்டங்கள் இரண்டிரண்டாகக் கூடி, பழைய ஓடுகளைக் களைந்து, வீங்கிப் பெருத்து, பின்னர்ப் பெரிய ஓட்டைப் புதிதாகக் கட்டிக்கொண்டு வாழ்வைத் தொடங்குவது டயாட்டக் குலத்தின் பொது வழக்கம். இறந்த உயிர்களின் ஓடுகள் எளிதில் மக்குவதில்லை; நெடுங்காலம் மண்ணிலேயே கிடக்கும்.

இனி இதன் இருப்பிடத்தைக் காண்போம். மண்ணின் மேற்பரப்பு, பாறை இடுக்கில் படிந்த புழுதி, ஈரச் சுவரின் அடி, மரத்தூர்களின் மேல் வளரும் பூம்பாசி, குளக்கரைச் சேறு, உழுத வயல் ஆகிய இடங்களில் எல்லாம் இது காணப்படுகிறது. குளிர் நாட்டிலும் வெப்ப நாட்டிலும், பனி சூழ்ந்த அண்டார்க்டிக்காவில் வெறுமையாய்க் கிடக்கும் மண்ணிலும் இதனைக் கண்டுள்ளனர். ஒளி மண்ணுக்குள் சில மில்லிமீட்டர் ஆழமே புகுதலால், பெரும்பாலானவை மேற்பரப்பை ஒட்டியே வாழும். மண்துகள்களைச் சுற்றித் தங்கியிருக்கும் மெல்லிய நீர்ப்படலமே இவற்றின் கடல். நீர்நிலைகளில் வாழும் டயாட்டங்களை நோக்க, மண்வாழ் டயாட்டங்கள் பொதுவாக உருவிற் சிறியவை; மிக மெல்லிய நீர்ப்படலத்துள் அடங்கி வாழச் சிற்றுருவே ஏற்றது.

அக்கடல் எத்துணை நிலையற்றது! காலையில் பனியால் நனைந்த மண் நண்பகலில் வெயிலாற் காய்கிறது. மழை பெய்தால் உப்பின் செறிவு குறைகிறது, காய்ந்தால் மிகுகிறது. குளத்தில் உள்ள டயாட்டம் ஆண்டில் ஒருமுறையேனும் காணாத துன்பத்தை மண்ணில் உள்ள டயாட்டம் ஒரே நாளிற் காண்கிறது. உயிரணுவுக்குள் நீர் அற்றுப்போதல் சாவுக்கே வழி. ஆயினும் ஹான்ட்சியா பிழைத்திருக்கிறது. எவ்வாறு? ஈரம் மெல்லக் குறையும்போது சில உயிரணுக்களின் உட்பொருள் சுருங்கித் திரண்டு, எண்ணெய்த் துளிகளைச் சேமித்துக்கொண்டு, ஓய்வு நிலையை அடைகிறது. புறத்தோற்றத்தில் ஓடு முன்போலவே இருக்கும், உள்ளேதான் மாற்றம். மீண்டும் ஈரம் வந்ததும் சுருங்கிய பொருள் விரிந்து தொழிலைத் தொடங்கும். திடீரென உலர்தலை விட மெல்ல உலர்தலை உயிரணுக்கள் நன்கு தாங்குகின்றன. இங்கே மண்ணே துணைசெய்கிறது. களிமண்ணும் மக்கும், டயாட்டங்களே சுரந்த பசைப்பொருளும் ஈரத்தை எளிதில் விடாமற் பிடித்துவைக்கின்றன. அப்பசை மண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேல்மண் காற்றிற் பறந்து போகாதபடியும் ஓரளவு காக்கிறது.

மண்ணில் உள்ள பாசிகளின் பொறுமைக்கு எல்லை எது என்பதை அறிய முயன்றவர் முரியல் பிரிஸ்டல் என்ற ஆங்கிலப் பெண்மணி. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னும் ஊரில் 1843-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில், பழைய ஆண்டுகளின் மண்ணைப் புட்டிகளில் அடைத்து வரிசையாக வைத்திருந்தனர். பல்லாண்டுகள் உலர்ந்து கிடந்த அம்மண்ணை எடுத்து, கிருமி கலவாத ஊட்டநீரில் இட்டு வைத்தார் பிரிஸ்டல். உலர்ந்த மண்ணினின்று பாசிகள் உயிர்த்தெழுந்தன. அம்முடிவுகளை 1919-இல் அவர் வெளியிட்டார். (தேநீர்க் கோப்பையில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்பதைச் சுவைத்தே சொல்ல வல்லேன் என்று கூறி, புள்ளியியல் அறிஞர் ரொனால்டு ஃபிஷரை எட்டுக் கோப்பைச் சோதனை ஒன்றை வகுக்கத் தூண்டியவரும் இவரே என்பர். ஃபிஷர் 1935-இல் எழுதிய நூலில் அச்சோதனை பெயர் பெற்றது. பெண்மணியின் பாசி ஆராய்ச்சியை அறிந்தவர் சிலரே.)

ஹான்ட்சியாக்களைப் பற்றிய ஆராய்ச்சியில் வழுக்கலும் நேர்ந்ததுண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பார்ன்ஸ்டபிள் துறையில், பகல் வேளையில் கடல்நீர் வடிந்ததும் மணற்பரப்பின் மேல் பொன்னிறத் திட்டுகள் தோன்றும். நீர் திரும்ப வருமுன் அவை மறைந்துவிடும். மணலுக்குள்ளிருந்து மேலேறி வந்து, குறித்த வேளையில் மீண்டும் இறங்கிவிடும் டயாட்டக் கூட்டமே அத்திட்டு. கடலலை எட்டாத ஆய்வுக்கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோதும் அவை அவ்வேளை தவறாமல் ஏறி இறங்கின. 1951-இல் இதனை எழுதிய அறிஞர் அவ்வுயிரை ஹான்ட்சியா ஆம்பியாக்சிஸ் என்றே குறித்தார். 1967-இல் மீண்டும் ஆராய்ந்தவர்கள், அது கடற்கரைக்கு உரிய 'ஹான்ட்சியா வெர்கேட்டா' என்னும் வேறினம் எனத் திருத்தினர். செய்தி மெய், பெயர்தான் மாறியது. எனினும் பெயர் பிழைத்தால் இருப்பிடமும் பிழைத்துவிடும் அல்லவா? வயல்மண்ணில் வாழும் உயிர் கடலலையை எண்ணி ஏறி இறங்குவதாகக் கற்றோர் பலர் இருந்திருப்பர்.

டார்வினின் புழுதியில் விழுந்த முடிச்சும் இத்தகையதே. எரன்பர்க் பார்த்த மண் மாதிரிகள் உலகப் பரப்பை நோக்க மிகச் சில. ஓர் உயிரை ஒரு நாட்டில் மட்டும் கண்டோம் என்பதனால் அஃது அந்நாட்டுக்கே உரியது ஆகிவிடாது. பிற நாட்டு மண்ணை இன்னும் பார்க்கவில்லை என்பதும் காரணமாகலாம். அமெரிக்கப் பொருள்களைப் பற்றிய நூலில் முதலிற் பெயர்பெற்ற ஆம்பியாக்சிஸ் இனமே பின்னர் உலகெங்கும் காணப்பட்டது இதற்குச் சான்று. புழுதியின் தாயகமும் இன்று தெளிவு. சகாராப் பாலையில், சாடு நாட்டில் உள்ள போடெலே என்னும் பள்ளம் முற்காலத்தில் ஏரியாக இருந்தது. வறண்ட அவ்வேரியின் படுகை டயாட்ட ஓடுகளால் நிறைந்தது. உலகிலேயே மிகுதியாகப் புழுதி எழும் இடங்களுள் அதுவும் ஒன்று. ஆப்பிரிக்கப் புழுதியில் நன்னீர் ஓடுகள் இருந்தமை வியப்பன்று.

ஆனால் 'எங்கும் உள்ளது ஒரே இனம்' என்று முடிவு கட்டியவர்களும் முழுதும் சரியாக அறிந்தவர் அல்லர். உருவிற் சிறு வேறுபாடு கொண்ட சிலவற்றை ஜெர்மானிய அறிஞர் லாங்கே பெர்டாலோ 1993-இல் தனி இனமாகப் பிரித்தார். 2013-இல் பெல்ஜிய நாட்டு அறிஞர்கள் முதலானோர் மரபணுக்களை ஒப்பிட்டு, அண்டார்க்டிக்காவில் வாழும் ஆம்பியாக்சிஸ் வழியினர் பிற கண்டத்தாரினின்று வேறுபட்டவர் எனக் காட்டினர். ஆகவே உருப்பெருக்கியில் ஒன்றுபோலத் தோன்றும் கூட்டத்துக்குள் பல வழிகள் மறைந்துள்ளன. காற்று ஓடுகளை உலகெங்கும் வீசுவது உண்மை. வீசப்பட்ட இடத்தில் எல்லாம் அவை குடியேறிவிடும் என்பது அதனினின்று தொடர்வதன்று.

மண்வாழ் டயாட்டங்களால் இன்று நேரடியான பயன் ஒன்றும் விளைகிறது. மழை பெய்து ஆறு பெருகும்போது அந்நீர் மண்ணின் மேலாக ஓடிவந்ததா, மண்ணுக்குள் இறங்கி ஊறிவந்ததா என்பது வெள்ளத்தை ஆராய்வோர்க்குப் பெரிய வினா. லக்சம்பர்க் நாட்டில் அட்டர்ட் ஆற்றின் வடிநிலத்தில் ஆராய்ந்தவர்கள், வெள்ள நீரை மொண்டு அதில் உள்ள டயாட்டங்களை எண்ணினர். மண்ணுக்கே உரிய இனங்கள் ஆற்றில் மிகுந்து வந்தால், நீர் நிலத்தின் மேலாக அவற்றை அரித்துக்கொண்டு வந்தது என அறியலாம். சாயமும் உப்பும் கலந்து செய்யும் சோதனையை, இயற்கையே இட்ட அடையாளத்தைக் கொண்டு செய்த முறை இது. ஒளிச்சேர்க்கையைத் தடுத்துக் களையைக் கொல்லும் மருந்துகள் இவற்றையும் தாக்குவன. களை மட்டுமே சாகிறது என்று எண்ணித் தெளிக்கப்படும் நிலத்தில் கண்ணுக்குத் தெரியாத இப்பயிரும் கருகுகிறது.

இவ்வுயிரைக் காணப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. பள்ளியில் உள்ள உருப்பெருக்கியே போதும். வயலோரத்திலோ, சுவரடியிலோ பழுப்பும் பச்சையுமாகப் படிந்த ஈரமண்ணின் மேற்பரப்பைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி எடுத்து, தட்டையான கிண்ணத்திற் பரப்புக. மண் நனையும் அளவே நீர் தெளித்து, ஓரிரவு அசையாமல் வைத்திடுக. மறுநாட் காலையில் மெல்லிய கண்ணாடி வில்லைகளை மண்ணின்மேற் பதித்து, நேர்வெயில் படாத சன்னலோரத்தில் சில மணி நேரம் விட்டுவைத்தல் வேண்டும். ஒளியை நாடி மேலேறும் டயாட்டங்கள் வில்லையின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். வில்லையை இடுக்கியால் எடுத்து, ஒரு துளி நீரிட்ட கண்ணாடித் தகட்டின்மேல் கவிழ்த்து, நானூறு மடங்கு பெருக்கி நோக்குக. பல வடிவங்கள் தென்படும். முதுகு வளைந்து, வயிறு குழிந்து, இரு மூக்குகளும் ஒரு வரிசைப் புள்ளிகளும் உடையது எதுவோ, அதனைத் தொடர்ந்து பார்த்தல் நன்று. அது சற்று நேரம் ஒரு திசையில் வழுக்கிச் செல்லும். ஒரு மண்துகளில் முட்டி நிற்கும். பின்னர் உடலைத் திருப்பாமலே, வந்த வழியிலேயே பின்னோக்கி நகரத் தொடங்கும்.